வடிகூடை

காலை ஐந்தே முக்காலுக்கு வெஸ்லி எழுந்தான். கட்டிலின் ஒரு பக்கம் கலையவே இல்லை. போர்வையை மடிப்பது பாதி வேலைதான். காபி இயந்திரத்தில் நாலு கரண்டித் தூள் போட்டான். இரண்டு போதும். நாலு போட்டுக் கை பழகிவிட்டது. வெளியே ஏரிக்காற்று பனியைச் சாய்வாக இறக்கிக்கொண்டிருந்தது. காரின் கூரையில் எட்டு அங்குலம் இருக்கும்.

முன்னறையில் நாலடி நீளத்தில் மனைவி கோரினின் உப்புநீர் மீன்தொட்டி. தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக் கதவின் உட்பக்கம் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஏழு வரி. தண்ணீரின் சூடு பார்ப்பதில் தொடங்கும். கடைசி வரி ஒரே சொல்: எண்ணு.

அவன் எண்ணினான். கோமாளி மீன் இரண்டு. நத்தை ஆறு. சங்குக்குள் ஒளிகிற நண்டு மூன்று. கடல்சாமந்தி ஒன்று இருக்க வேண்டும். இடது மூலைப் பாறையின் பிளவில் நாலு வருஷமாக ஒரே இடத்தில், சூப்புத் தட்டு அளவுக்கு விரிந்து, இளஞ்சிவப்பு விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும். பிளவு காலியாக இருந்தது. இரண்டு மீன்களும் அந்தக் காலி இடத்தில் முட்டி முட்டித் திரும்பின.

தொட்டித் தண்ணீரை ஓடவைக்கிற அலை பம்பு வழக்கமாகச் சத்தம் போடாது. அன்று உறுமியது.

ஞாயிற்றுக்கிழமை அவன்தான் அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவினான். மாட்டும்போது நாலு விரல்கடை வலப்பக்கம் தள்ளி மாட்டிவிட்டான். தண்ணீர் ஓட்டம் மாறினால் கடல்சாமந்திக்குப் பிடிக்காது. வேரில்லாத பிராணி, அடிப்பாதத்தைக் கிளப்பிக்கொண்டு வேறு இடம் தேடி நடக்கும். நடந்தால் பம்பின் வாயில் மாட்டாமல் இருக்கத்தான் ஒரு கருப்புப் பஞ்சு உறை உண்டு. அந்த உறை சமையலறையில், பாத்திரம் காயும் தட்டில், கோரினின் கோப்பைக்கும் கரண்டிகளுக்கும் நடுவே இரண்டு நாளாகக் காய்ந்துகொண்டிருந்தது.

அவன் மின்னிணைப்பைப் பிடுங்கினான். பிறகு டானெட்டைக் கூப்பிட்டான். கைபேசியில் உயிர் கொஞ்சம்தான் இருந்தது. சார்ஜரின் வயர் குட்டை. சமையலறைச் சுவரை விட்டு நகரவிடாது. குனிந்து நின்றபடி பேசினான்.

“பம்புக்குள்ள போயிருச்சு.”

“எது, சாமந்தியா?” டானெட் நகராட்சியின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவள். கோரினோடு மீன்தொட்டிக்காரர்கள் சங்கத்தில் இருந்தவள். பின்னால் எஞ்சின் இரைந்தது. “கைய வெச்சு இழுத்துத் தொலைச்சியா?”

“இன்னும் இல்ல.”

“இழுக்காத. பம்போட சேத்துத் தூக்கி, அதே தண்ணிய ஒரு வாளியில மொண்டு, அதுல வை. இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு எனக்கு. பரவால்ல, சனங்க சறுக்கி விழட்டும். வர்றேன்.”

“சரி.”

“நீ ஏன் கெணத்துக்குள்ளருந்து பேசுற மாதிரி பேசுற?”

“குனிஞ்சிருக்கேன். வயர் எட்டல.”

“நீட்டு வயரா ஒண்ணு வாங்கேம்ப்பா.”

“இருக்கு,” என்றான்.

அடுத்து வேலைக்குக் கூப்பிட்டான். ஜிரார்டு ஊர்ப் பக்கம் பிளாஸ்டிக் உதிரிகள் வார்க்கிற ஆலை. அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. வீட்டில் ஒருத்தருக்கு அடிபட்டிருக்கிறது, இன்று வர முடியாது என்றான். மேற்பார்வையாளருக்கு அவன் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது தெரியும்.

“யாருக்கு வெஸ்?”

“சொன்னா சிரிப்பீங்க.”

“சரி சரி. நாளைக்கு வா,” என்று வைத்துவிட்டார்.

டானெட் லாரியை வாசலிலேயே மஞ்சள் விளக்கு சுழல நிறுத்திவிட்டு வந்தாள். பனிக் காலணியைக் கழற்றாமல் உள்ளே நடந்தாள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாள்கூட அவள் கழற்றவில்லை.

பம்பின் உறையைத் திறந்தது வெஸ்லிதான். அந்த மாதிரி மூடி எங்கே கொக்கி போட்டிருக்கும், எங்கே அழுத்தினால் உடையாமல் விடும் என்பது அவன் தொழில். வெண்ணெய்க் கத்தியின் முனையால் நாலு கொக்கியையும் நெம்பினான். சுழலியை மெல்லத் தூக்கினான். உள்ளே ரப்பர் கையுறையைக் கிழித்துச் சுருட்டிய மாதிரி ஒரு பொருள். உதிர்ந்த விரல்கள் வாளியில் மிதந்தன. தட்டு அளவு இருந்தது முட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

டானெட் அதை உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீருக்குள்ளேயே திருப்பினாள்.

“விரலெல்லாம் போனா போகட்டும். நம்ம முடி மாதிரி. வளந்துரும். அடிப்பாதம்தான் உசுரு.”

“கிழிஞ்சிருக்கா?”

“ஓரத்துல. உன் கட்டைவிரல் நகம் அளவு.” இன்னொரு முறை பார்த்தாள். “இது ரெண்டுங்கெட்டான். பொழைக்கவும் பொழைக்கும். போகவும் போகும்.”

“என்ன மருந்து போடணும்?”

“மருந்தா? சுத்தமான தண்ணி. கொஞ்சம் இருட்டு. சும்மா விடணும். தீனி கீனி போட்டுக் கொஞ்சாத, ஜீரணம் பண்ணத் தெம்பிருக்காது. தினம் பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்து. அந்த ரெண்டு மீனையும் கிட்ட சேக்காத. அதுங்க வீடு இதுதான்னு உள்ள பூந்து கும்மாளம் போட்டா இருக்கற கிழிசல் பெருசாயிரும். ஓட்டை போட்ட கூடை ஏதாவது இருக்கா? இரும்பு ஆகாது.”

நூடுல்ஸ் வடிக்கிற பச்சைப் பிளாஸ்டிக் கூடை இருந்தது. அதைத் தொட்டியின் விளிம்பில் மீன்பிடி நரம்பால் கட்டித் தொங்கவிட்டார்கள். கூடைக்குள் கடல்சாமந்தியைப் பாதம் கீழாக வைத்தார்கள். அது பக்கவாட்டில் சரிந்தது. மறுபடி வைத்தார்கள். மறுபடி சரிந்தது.

“எங்கயாவது ஒட்டிக்கிச்சுன்னா தப்பிச்சுதுன்னு அர்த்தம். ஒட்டாமலே உருண்டுட்டு இருந்தா…” டானெட் கையைத் துடைத்தாள். “இன்னொண்ணு. மணிக்கொரு தடவை மோந்து பாரு. செத்தா நாறும். சாதாரண நாத்தம் இல்ல, வீட்ட விட்டு ஓடுவ. நாத்தம் வந்த நிமிஷம் தூக்கி வெளிய பனியில போட்டுரு. யோசிச்சுட்டு நின்னேன்னு வை, விஷம் எறங்கி மீனு, நத்தை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள காலி. அவ தொட்டி மொத்தமும் காலி.”

“சரி.”

“சரின்னு சொல்ற. தூக்கிப் போடுவியா?”

அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தாள்.

“என்ன இது, குதிரைக்கு வெச்ச கஷாயமா?”

“நாலு கரண்டி.”

அவள் மேலே கேலி செய்யவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“இங்க பாரு வெஸ். இதோட பாதி என் வீட்டு நிலவறையில இருக்கு. மூணு வருஷம் முந்தி இது ரெண்டாப் பிரிஞ்சப்ப கோரின் கொண்டாந்து குடுத்தா. அது எங்க வழக்கம். பிரிஞ்சா ஒரு பாதிய இன்னொருத்தர் தொட்டியில வெச்சிரணும். நம்மது செத்துப்போச்சுன்னா போய்க் கேக்கலாம். கேட்டா குடுத்தே ஆகணும். இது போச்சுன்னா நீ ஒரு வார்த்தை சொல்லு. பை நெறைய தண்ணியோட கொண்டாந்து தர்றேன்.”

“அது உங்களோடது.”

“என்னோடது இல்லடா. அவளோடது. குட்டி போட்டது இல்ல, புரியுதா? பாதியாப் பிரிஞ்சது. இதேதான் அது.”

“இதே இல்ல.”

“எப்படி இல்ல?”

“அது உங்க வீட்டுல இருந்திருக்கு,” என்றான்.

டானெட் கஷாயத்தை முழுக்கக் குடித்தாள். போகும்போது அவன் வாசலையும் பக்கத்து வீட்டு வாசலையும் லாரியால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டுப் போனாள்.

புதனும் வியாழனும் வேலையிலிருந்து வந்ததும் தண்ணீர் தயாரித்தான். நிலவறையில் வடிகட்டிக் குழாய். குடிதண்ணீர் அதன் வழியே நூல் கனத்தில் வடியும்; ஐந்து காலன் வாளி நிறைய ஒரு மணி நேரம். திறந்துவிட்டு மாடியில் வேறு வேலை பார்க்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். வெஸ்லி அப்படிச் செய்வதில்லை. அக்டோபரிலிருந்து, வாளி நிறைகிறவரை எதிரில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். நிறைந்ததும் குழாயை மூடி, மூடியதை இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உப்பைக் கொட்டிக் கலக்குவான்.

கூடையிலிருந்தது உருண்டபடியே இருந்தது. மணிக்கொரு தடவை மோந்தான். கடல் வாடைதான். அவன் வேலைக்குப் போன நேரத்துக்கு மோந்து பார்க்க யாரும் இல்லை. இரண்டு நாளும் வண்டியை விட்டிறங்கி வாசல் கதவைத் திறக்குமுன் கதவிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை லொரெய்ன் வருகிற நாள். கோரினின் அம்மா. உலோகத்துக்குக் குரோம் பூசுகிற ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். மகள் போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வந்து சமைத்துவிட்டுப் போகிறார். தவக்காலம் தொடங்கிவிட்டதால் கறி கிடையாது. முட்டைக்கோசையும் நூடுல்ஸையும் வெண்ணெயில் வதக்குவது, இல்லாவிட்டால் மாதா கோவில் பெண்கள் விற்கிற பியரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை.

வந்ததும் கோட்டைக் கழற்றுமுன் குளிர்பெட்டிக் கதவிலிருந்த அட்டையைத் தொடுவார். அடக்கத்தன்று எல்லோருக்கும் கொடுத்த ஜெப அட்டை. முன்பக்கம் மாதா. பின்பக்கம் கோரினின் பெயர், இரண்டு தேதி, கீழே சாய்வெழுத்தில் ஒரு வரி: எனக்குப் பயமில்லைன்னு அம்மாகிட்ட சொல்லு. அச்சகக்காரர் பேச்சுமொழியைத் திருத்தலாமா என்று கேட்டதற்கு லொரெய்ன் கூடாது என்றுவிட்டார். அவ சொன்னது சொன்னபடி இருக்கட்டும்.

“எதுல நூடுல்ஸ் வடிக்கிறது நான்?” என்றார் லொரெய்ன்.

“மூடியச் சாச்சு வடிங்க. கூடைய எடுக்க முடியாது.”

“நல்ல கூடை அது.”

“தெரியும்.”

“அந்தக் கருப்புப் பஞ்சு அருமையாத் தேய்க்குதே. இப்பத்தான் வாணலிய அதுல தேய்ச்சேன்.”

வெஸ்லி பஞ்சு உறையை எடுத்துக் குப்பையில் போட்டான். சோப்புப் பட்டது இனி தொட்டிக்கு ஆகாது. வேறு வாங்க வேண்டும்.

“இன்னிக்கு நான் போயே ஆகணும் லொரெய்ன். வாடிக்கையாளர் வர்றாங்க. நீங்க இத ஒரு கண்ணு பாத்துக்கணும். மணிக்கொரு தடவை மோந்து பாருங்க. நாறுச்சுன்னா…” தோட்டத்துக் கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தான். “இதப் போட்டுட்டு அள்ளி வெளிய பனியில போட்டுருங்க. எனக்குக்கூட ஃபோன் பண்ண வேணாம். மொதல்ல போட்டுருங்க.”

“மோந்து பாக்கணும்,” என்றார் லொரெய்ன்.

“முடியுமில்ல?”

“மோந்து பாக்கக் கூடவா முடியாது? போ நீ.”

பதினொன்று இருபதுக்கு ஆலையில் அவனை ஃபோனுக்குக் கூப்பிட்டார்கள். லொரெய்ன்.

“வாயத் தொறந்துருச்சு வெஸ். நல்லா, பொத்தான் ஓட்டை மாதிரி. பழுப்பா என்னமோ நூல் நூலாத் தள்ளுது.”

“வாடை?”

“ஒண்ணும் இல்ல.”

“நல்லா கிட்டப் போய்ப் பாத்தீங்களா?”

“மூக்கு நனைஞ்சே போச்சு. ஒண்ணும் இல்லங்கறேன்.”

அவன் ஃபோனை வைத்தான். பெரிய மேசையைச் சுற்றி வாடிக்கையாளர் நாலு பேர் உட்கார்ந்து ஒரு மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் போய், வீட்டுக்குப் போகிறேன் என்றான். அவர் முகத்தைப் பார்க்காமலே கோட்டை மாட்டினான். இருபத்தைந்து நிமிஷப் பாதை. ஏரியிலிருந்து பனி சுவர் மாதிரி வந்ததில் நாற்பது நிமிஷம் ஆயிற்று.

கதவிடுக்கில் மூக்கை வைத்தான். நாறியது. கதவைத் திறந்தான். கருகல் வாடை. வெண்ணெயும் முட்டைக்கோசும் அடிப்பிடித்து, முன்னறை, கூடம் எல்லாம் நிறைந்து கிடந்தது. லொரெய்ன் தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு, முழங்காலில் கை வைத்து, கூடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“வந்துட்டியா? இன்னும் தொறந்துதான் இருக்கு. வாடை இல்ல.”

வெஸ்லி சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தான். வாணலியின் அடி கரியாகியிருந்தது. ஜன்னலைத் திறந்தான். திரும்பி வந்தான்.

“லொரெய்ன், அடுப்புல என்ன வெச்சிருந்தீங்க?”

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு மடியைப் பார்த்தார்.

“கருகிருச்சா?”

“ம்.”

“ரொம்பவா?”

“வாணலி போச்சு.”

வெஸ்லி சட்டைக் கையை மடித்து, கூடையிலிருந்து ஒரு கை தண்ணீர் மொண்டு மோந்தான். கருகல்தான் முன்னால் வந்தது. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி இன்னொரு முறை மோந்தான். உப்பு. கடல். வேறொன்றும் இல்லை. குட்டை வயருக்குக் குனிந்து டானெட்டைக் கேட்டான். தூங்கிக்கொண்டிருந்தவள், அது வயிற்றைக் கழுவுகிறது, திறந்த வாய் மூடினால் நல்லது, இருட்டுகிறவரை மூடாவிட்டால் வாடைக்குக் காத்திருக்காமல் எடுத்துவிடு என்றாள். பழுப்பு நூலை மட்டும் உறிஞ்சி எடு என்றாள்.

கோரின் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவள். ஈறு கழுவுகிற வளைந்த முனை ஊசிக்குழல்கள் ஒரு டப்பா நிறைய அலமாரியில் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து வெஸ்லி நூல் நூலாக உறிஞ்சினான். உறிஞ்சியதைப் பீய்ச்ச லொரெய்ன் ஒரு கோப்பையைப் பிடித்துக்கொண்டார்.

“மூக்கு வேலை செய்யாம எத்தன வருஷமா?” என்றான்.

“ஆறு. ஏழுகூட இருக்கும். ஆலையில எல்லாருக்கும் இப்படித்தான். மொதல்ல காபி போச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா.”

“அதான் பால்ல தேதி பாக்குறீங்களா?”

“பின்ன? குடிச்சா பாக்க முடியும்?”

“கோரினுக்குத் தெரியுமா?”

“அவளுக்குத் தெரிஞ்சா என்னை அடுப்பாண்ட விடுவாளா? வீட்டயே மாத்துன்னிருப்பா.”

“காலையில ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வேற யாரையாவது கூப்பிட்டிருப்ப.” கோப்பையை இன்னொரு கைக்கு மாற்றினார். “ஒரு வேலை குடுத்த. நாலு மாசத்துல மொத வேலை. மாட்டேன்னு சொல்ல வாய் வரல.”

கருகாத நூடுல்ஸைக் கொஞ்சம் சுரண்டி இரண்டு தட்டில் போட்டு வந்தான். தொட்டி எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லொரெய்ன் நிறைய மிளகு போட்டுக்கொண்டார். காரம் மட்டும் தெரியுமாம். மீன்கள் இரண்டும் கூடையின் வெளிப்பக்கம் ஓட்டைகளில் வாயை வைத்து வைத்துப் போயின.

“இதுங்களுக்குப் பேரு என்ன?”

“பேரு கிடையாது. பேரு வெச்சா செத்துரும்னு சொல்வா.”

“இவளுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?” என்றார் லொரெய்ன். மகளுக்கா, டானெட்டுக்கா என்று தெரியவில்லை.

இரண்டரைக்கு வாய் கொஞ்சம் சுருங்கிய மாதிரி இருந்தது. மூன்றுக்கு மறுபடி திறந்தது. மூன்றே முக்காலுக்கு மூடியது. மூடியே இருந்தது. நாலரைக்கு, அறுந்த விரல்களுக்கு நடுவே மிச்சமிருந்த ஏழெட்டு விரல்கள் தண்ணீர் ஏறி உப்பின. வெஸ்லி கூடையை ஒரு விரலால் தட்டினான். உருளவில்லை. சாய்த்துப் பார்த்தான். அடிப்பாதம் இரண்டு ஓட்டைக்குள் சதையை நுழைத்து, கூடையோடு கூடையாகப் பிடித்திருந்தது.

“என்ன?” என்றார் லொரெய்ன்.

“ஒட்டிக்கிச்சு.”

“அப்ப?”

“பொழச்சிரும்போல.”

“கூடை?”

“கூடை இனிமே அதோடதுதான்.”

லொரெய்ன் மூக்கைத் துடைத்தார். தட்டுகளை அடுக்கினார். எழுந்து போகாமல் அப்படியே நின்றார்.

“என்னை மன்னிச்சுரு வெஸ். இத்தனைக்கும் உன்கிட்ட போயி பொய் சொன்னேன் பாரு. நீ அவ கடைசியாச் சொன்னத ஒரு எழுத்து மாத்தாம எனக்குக் கொண்டாந்து சேத்தவன். அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் இந்த நாலு மாசமும் எந்திரிக்கிறேன்.”

வெஸ்லி ஊசிக்குழலை நல்ல தண்ணீரில் இரண்டு முறை இழுத்துப் பீய்ச்சினான். டப்பாவில் வைத்தான்.

“அவ அப்படிச் சொல்லல,” என்றான்.

“எப்படி?”

“பயமில்லன்னு. அவ சொல்லல. சவ அடக்க ஆபீஸ்ல நீங்க கேட்டீங்க. நான் சொல்லிட்டேன்.”

லொரெய்ன் தட்டுகளை மேசையில் வைத்தார்.

“நான் பக்கத்துல இல்ல,” என்றான். “தலைவலின்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. நல்லாத்தான் பேசினா. வீட்டுல ஒரு வேலை இருக்குன்னு என்னை அனுப்புனா. பன்னெண்டு நிமிஷ தூரம். வந்து பாத்தா நிலவறையெல்லாம் தண்ணி. வாளி வழிஞ்சு கிடந்துச்சு. குழாய மூடினேன்.” நிறுத்தினான். “மூடிட்டு அப்படியே போயிருக்கலாம். நான் தரையத் தொடைச்சேன். நல்லாத் தொடைச்சேன். நாப்பது நிமிஷம். திரும்பிப் போனப்ப கதவாண்டயே நிறுத்திட்டாங்க.”

வெளியே யாரோ பனி வழிக்கிற சத்தம் கேட்டது. தொட்டியின் விளக்கு நேரம் ஆகித் தானாக நீலத்துக்கு மாறியது.

“முந்நூறு அட்டை அடிச்சோம்,” என்றார் லொரெய்ன்.

“தெரியும்.”

“ஃபாதர் அதை வெச்சுத்தான் பிரசங்கமே பண்ணார்.”

“தெரியும்.”

அவர் சமையலறைக்குப் போனார். குளிர்பெட்டி எதிரில் நிற்பது தெரிந்தது. அட்டையை எடுப்பார் என்று நினைத்தான். எடுக்கவில்லை. கருகிய வாணலியில் தண்ணீர் விட்டு ஊறவைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“என்னதான் சொன்னா?”

“ஒண்ணும் பெருசா இல்ல.”

“பெருசா வேணாம். அவ சொன்ன மாதிரியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தாம.”

அந்த நீட்டு வயர் இன்னும் காரில், முன்பெட்டிக்குள் சுருட்டியபடியே இருந்தது. வெஸ்லி கூடையைப் பார்த்துக்கொண்டு, அவள் சொன்ன மாதிரியே சொன்னான்.

“கீழ வாளிக்குத் தண்ணியத் தொறந்து விட்டுட்டு வந்துட்டேன் வெஸ். இந்நேரம் வழிஞ்சிருக்கும். போய் மூடிட்டு வா. வரும்போது என் சார்ஜர எடுத்துட்டு வா. அந்தக் குட்டை வயர் வேணாம், கட்டில் வரைக்கும் எட்டாது. நீட்டு வயரு.”